கொடக்குள்ள ஆறு ரோஜா குச்சி

ரோஜா குச்சி திருடணும்னா கொட தான் ஓணும். பையில போட்டா முள்ளு பையக் கிழிச்சிகினு வெளிய எட்டிப் பாக்கும். இடுப்புல சொருகினா இன்னா ஆவும்னு சொல்லத் தேவையில்ல. ஒரு தபா சொருகிகினு ஆவடியிலேர்ந்து அம்பத்தூர் வரைக்கும், சீட்டு காலியா இருந்தும் குந்தாம நின்னுகினே வந்தவ நான். கண்டக்டரு "குந்து ஆயா, குந்து ஆயா"ன்னு கெஞ்சறான். "வேண்டுதல் நைனா"ன்னு சொல்லிட்டேன். அதுக்கப்பால தான் கொட. மடக்கின கறுப்புக் கொடக்குள்ள ஆறு குச்சி போனா வெளிய ஒரு முள்ளு தெரியாது. கொட வெச்சிகினு போற கெழவிய எவன் நிறுத்தி கேள்வி கேக்கப் போறான்?

திருடினது வேற எங்கியும் இல்ல, என் சம்மந்தி ஊட்ல தான். எம்பொண்ண அவ புள்ளைக்கு குட்த்துக் கீறேன், அந்த தைரியம்.

சம்மந்திக்கு தின்னவேலி பக்கம். அவ ஊட்டுக்காரரு ஆவடியில ஃபேக்டரி வேல, குவாட்டர்ஸ்ல குடியிருந்தாங்க. நாங்க மேனாம்பேடு ஆளுங்க. அந்தக் காலத்துல பயிர் வெச்சோம், இப்ப எம்புள்ள மண்ணூர்பேட்டையில லேத் மிஷின் ஓட்டறான். அவங்க சுத்த சைவம். நாங்க மீனு இல்லன்னா அத்த ஞாயித்துக்கெழமன்னே ஒத்துக்க மாட்டோம். கல்யாணப் பேச்சு வந்தப்ப அவ கேட்ட மொத கேள்வியே, "உங்க வீட்ல முட்டையுமா சாப்பிடுவிய?" தான்.

"முட்டைய நாங்க கவுச்சியிலயே சேக்கறதில்ல சம்மந்தி. எங்களுக்கு அது கத்திரிக்கா மாரி"ன்னு சொன்னேன். ஒரு கை பாயசத்த அப்டியே வெச்சிட்டு எழுந்து பூட்டா.

ஆனா நல்ல மனுஷி. வாய் நெறைய "மைனி மைனி"ன்னு கூப்புடுவா. அவ குவாட்டர்ஸ் வாசல்ல, கொழா பக்கத்துல ஒரு பன்னீர் ரோஜா நின்னுகினு இருந்திச்சி. என் கழுத்து ஒசரம். பூவு பெருசெல்லாம் இல்ல, கொழந்த கன்னம் மாரி ஒரு கலரு. ஒண்ணு பூத்தா தெருக்கோடி வரைக்கும் வாசன வந்து கைய புட்ச்சி இழுக்கும். மொத நாளே கேட்டேன், "சம்மந்தி, ஒரு குச்சி குடேன், நானும் வெச்சிக்கறேன்."

"பூ எத்தன வேணும்னாலும் பறிச்சுத் தாரேன் மைனி. குச்சி மட்டும் கேக்காதிய"ன்னா.

ஏன்னு கேட்டா ஒரு கத சொன்னா. என் மருமவன் அஞ்சு வயசுல காய்ச்சல்ல கண்ணு தொறக்காம கெடந்தானாம். இவ முருகன் படத்துக்கு முன்னாடி நின்னு, எம்புள்ள எழுந்து நடந்தா என் கையால வெச்ச செடியில பூத்த பூவ ஆடிக் கிருத்திக தவறாம உனக்கு வெக்கறேன், கடப்பூ வெக்க மாட்டேன்னு வேண்டிக்கினாளாம். புள்ள எழுந்தான். இவ செடி வெச்சா. அன்னிலேர்ந்து ஒரு வருஷம் தவறல. குச்சி ஒடிச்சி யாருக்கு குட்த்தாலும் அந்த பலம் கை மாறிப் பூடும்னு அவ நெனப்பு. புள்ளைக்கு முப்பது வயசு ஆயி, தொப்ப வெச்சி, எம்பொண்ணு கிட்ட திட்டு வாங்கிகினு கீறான். ஆனா பூவு நின்னா அந்தப் பழைய காய்ச்சல் வந்துடும்னு இவளுக்கு இன்னமும் பயம்.

நான் மனசுல நெனச்சிக்கினேன், குட்த்தா தானே பலம் போவும்? நானா எட்த்துகினா அது குட்த்ததுல சேராதே.

மொத தபா கொண்டாந்த ஆறும் செத்துச்சி. காரணம் நான் தான். நட்ட எட்டாம் நாளு குச்சியில துளிர் எட்டிப் பாக்கும். அது டபாய்க்கிற துளிரு. உள்ள வேரே இருக்காது, குச்சியில மிச்சம் கீற சத்த வெச்சிகினு உதார் வுடும். எனக்குப் பொறுக்கல. வேர் வந்திச்சா வந்திச்சான்னு தினிக்கும் காத்தால புடுங்கிப் பாத்துட்டு திருப்பி சொருகுவேன். உன்ன தினிக்கும் பாயிலேர்ந்து காலப் புட்ச்சி இழுத்துப் பாத்தா நீ பொழப்பியா?

ரெண்டாவது தபா ஒழுங்கா செஞ்சேன். பென்சில் கனத்துல குச்சி, நாலு கணு. அடியில சாய்ச்சி வெட்டி, கத்தாழ சோத்துல தொட்டு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாரி சொருகினேன். மேல வெட்டின வாயில சின்னதா ஒரு சாணி உருண்ட. அது இல்லன்னா வெயிலு மேலேர்ந்தே குச்சிய உறிஞ்சிடும். ஆறு குச்சியும் சாணித் தொப்பி போட்டுகினு வரிசையா நின்னத பாக்கணுமே, போலீஸ் வேலைக்கு எட்த்த பசங்க மாரி. இந்த தபா கை அரிச்சா போய் பாத்திரம் தேய்ச்சேன். அந்த மாசம் எங்க ஊட்டு குண்டான்லாம் கண்ணாடி மாரி இருந்திச்சி. ஆறுல ஒண்ணு பொழச்சிச்சி.

அத்த இருவது லிட்டர் பெயின்ட் டப்பாவுல மாத்தி, மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னால வெச்சேன். சாப்பாடு எங்க ஊட்டு சாப்பாடு தான். மீனு கழுவின தண்ணி வாரத்துக்கு ரெண்டு தபா. முட்ட ஓடு நொறுக்கிப் போடறது. நொறுக்க சோம்பேறித்தனமா இருந்தா முழுசா போட்டு மண்ண மூடறது. மூணு வருஷத்துல என் இடுப்புக்கு மேல வந்து, சும்மா கொத்து கொத்தா பூக்குது. சைவச் செடிய கவுச்சிக்கு பழக்கின பாவத்த நான் தனியா சுமந்துகினு கீறேன்.

சம்மந்தி எங்க ஊட்டுக்கு வர அன்னிக்கி அது மேல ஈரப் பொடவ ஒண்ணு போத்திடுவேன். "உங்க வீட்ல ஏன் மைனி ஒரு ரோசா கூட இல்ல?"ம்பா. "எனக்கு கை ராசி இல்ல சம்மந்தி"ன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்குவேன். அவ என் கையத் தடவிக் குட்த்து, "வருத்தப்படாதிய மைனி, எல்லாருக்குமா அமையும்?"ம்பா. அப்ப மட்டும் லேசா நெஞ்சுக்குள்ள குத்தும். ஒரு டம்ளர் மோர் குட்ச்சா சரியாப் பூடும்.

இது வெளிய தெரிஞ்சது ஒரே ஒருத்தருக்கு, அவ ஊட்டுக்காரருக்கு. ஒரு நாளு டேங்கு வழியுதுன்னு பாக்க மாடி ஏறினவரு, பொடவையத் தூக்கிப் பாத்துட்டாரு. கீழ எறங்கி வந்து எம்மூஞ்சயே பாத்தாரு.

"தங்கச்சி, மேல ஒரு பொடவ மணக்குது."

"அண்ணாத்தே, நீ போன வாரம் எங்க ஊட்டு அடுப்பாங்கரையில கதவ சாத்திகினு துன்ன ஆம்லெட்டு கூட நல்லா மணந்திச்சி"ன்னேன்.

அவ்ளோ தான், ஒப்பந்தம் முடிஞ்சிச்சி. அவரு வர்றப்பல்லாம் ரெண்டு முட்ட, மொளகு தூக்கலா. துன்னுட்டு ஏலக்கா மென்னுகினு போவாரு. ஓட்ட நான் ரோஜாவுக்குப் போட்டுடுவேன். இவரு புண்ணியத்துல தான் அது அவ்ளோ பூத்துச்சின்னு கூட சொல்லலாம்.

போன வருஷம் அவரு ரிட்டையர்டு ஆனாரு. குவாட்டர்ஸ காலி பண்ணணும். பருத்திப்பட்டுல, ஏரிக்கு இந்தாண்ட, சொந்தமா ஊடு கட்டி வெச்சிருந்தாங்க. சாமான்லாம் லாரியில போவும், செடி?

நான் அப்பவே சொன்னேன். "சம்மந்தி, இது வைகாசி. வெயிலு மண்டையப் பொளக்குது. செடியப் பேத்து எட்க்கணும்னா மொதல்ல முட்டி ஒசரத்துக்கு மொட்ட அடி. இல எல்லாம் தண்ணி கேக்கும், வேரு அடிபட்டு கெடக்கும், எங்கேர்ந்து குடுக்கும்? சுத்தி அகலமா பள்ளம் எட்த்து மண்ணோட தூக்கி, ஈரக் கோணியில கட்டு. முடிஞ்சா மழ வர வரைக்கும் பொறு."

அவ காதப் பொத்திகினா. "மொட்டா நிறைஞ்சு நிக்கி மைனி. அதப் போய் வெட்டச் சொல்லுதியளே."

"முருகனுக்கு நம்ம புள்ளைங்களுக்கே மொட்ட போடறோம். செடிக்குப் போட்டா கோவிச்சிக்கவா போறாரு?"

கேக்கல. பால் காய்ச்சுற நல்ல நேரத்துல தான் செடியும் புது மண்ணுல எறங்கணும்னு ஜோசியரு மாரி பேசறா. குழி தோண்ட அவ ஊட்டுக்காரர வுட்டா. அந்த மனுஷன் ஃபேக்டரில இரும்பு தூக்கினவரு, செடியையும் இரும்புன்னு நெனச்சி கடப்பாரையப் போட்டு நெம்பிட்டாரு. வேரு படார்னுச்சாம். மண்ணு எல்லாம் உதிர்ந்து செடி கையில வந்திச்சாம், கோழிய உரிச்ச மாரி. பொண்டாட்டி பாக்கறதுக்குள்ள கோணிய சுத்திட்டாரு. இத்த அவரு எனக்கு சொன்னது ஒரு மாசம் கழிச்சி.

மூணாம் நாளே மொட்டு எல்லாம் தல தொங்கிச்சி. பத்தாம் நாளு இல கருகிச்சி. அப்பால தான் அவ வேற வழியில்லாம, நான் சொன்ன மாரி முட்டி ஒசரத்துக்கு வெட்டி வுட்டா. நானும் அதே வாரம் என் செடிய மொட்ட அடிச்சேன், அது வருஷா வருஷம் அடிக்கறது தான். அவ தெனம் ரெண்டு வேள தண்ணி ஊத்தி, குச்சியில மஞ்சத் துணி கட்டி, மதியத்துல அதுக்கு கொட புட்ச்சிகினு குந்தியிருக்கறான்னு எம்பொண்ணு வந்து சொன்னா. சோறு எறங்கலயாம். புள்ள ஆபீஸ்லேர்ந்து வந்தா நெத்தியத் தொட்டுத் தொட்டு சூடு கீதான்னு பாக்கறாளாம். அவன், "எம்மா, ஏசி ரூம்ல இருந்து வாரேன்"ன்னு கத்தறானாம்.

எனக்கு சிரிப்பு வந்திச்சி. சிரிச்சி முடிச்ச அப்பால சிரிப்பு வரல.

மக்யா நாளு காத்தால போனு. சம்மந்தி ஊட்டுக்காரரு, கொரல அடக்கிகினு பேசறாரு.

"தங்கச்சி, செடி முடிஞ்சு போச்சு. நகத்தால சொரண்டிப் பாத்தேன், பச்சையே இல்ல. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாசம் கூட இல்ல. நான் வேர ஒடிச்சது தெரிஞ்சா எனக்கு அந்த வீட்ல எடமில்ல."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும் அண்ணாத்தே?"

"உங்க மாடியில ஒரு பொடவ காயுதுல்லா..."

மனசுக்குள்ள தான் கத்தினேன். மூணு வருஷம் அண்ணாத்தே. வெயில்ல பொத்தி, பூச்சிய கையால நசுக்கி. என் புள்ளைங்கள கூட நான் அப்டி பாக்கல, அதுங்க தானா வளர்ந்துச்சிங்க.

"அது இங்க இருந்து போனது தான தங்கச்சி"ன்னாரு மெதுவா.

ஆம்லெட்டு துன்ற வாயி, சட்டம் பேசுது பாரு!

"இன்னிக்கு அவ கோயிலுக்குப் போறா. மாசக் கிருத்திகல்லா. மத்தியானம் தான் வருவா"ன்னாரு.

மாடி ஏறினேன். மொட்ட அடிச்சி பதினஞ்சு நாளு ஆயிருந்திச்சி, முட்டி ஒசரக் கட்ட, கணுவுல செவப்பா அரிசி மாரி துளிரு. அவ செடியும் முட்டி ஒசரக் கட்ட தான். எம்புள்ளைய வுட்டு டப்பாவ கீழ எறக்கினேன். அதுக்கு மேல ஈரப் பொடவ போத்தி, ஆட்டோவுல மடியில வெச்சிகினு குந்தினேன்.

ஆட்டோக்காரன் திரும்பித் திரும்பி பாக்கறான். "இன்னா ஆயா, போத்திகினு கீற? பேஷண்டா?"

"பேஷண்டு தான் நைனா. மெதுவா ஓட்டு. பள்ளத்துல எறக்கினா உசுரு பூடும்."

"மூச்சு வுடுதா?"

"நீ ரோட்டப் பாரு, அது வுடும்."

பருத்திப்பட்டு போய்ச் சேந்தோம். அண்ணாத்தே வாசல்லயே நின்னுகினு கீறாரு, பிரசவ ஆஸ்பத்திரி ஆம்பள மாரி. செத்த செடியப் புடுங்கினாரு, லேசா கையோட வந்திச்சி. குழிய நானே அகலப்படுத்தினேன், கடப்பாரையத் தொடக் கூடாதுன்னு அவர செவுத்தோரம் நிக்க வெச்சேன். டப்பாவ பிளேடால ரெண்டு பக்கமும் கிழிச்சி, மண்ணு உதிராம அப்டியே எறக்கி, காலால லேசா மிதிச்சி, தண்ணி வுட்டேன். அவ கட்டின மஞ்சத் துணிய அவுத்து இதுல கட்டினேன். பழசக் கிழிஞ்ச டப்பாவோட பொடவையில சுருட்டி அதே ஆட்டோவுல ஏத்தினேன்.

ஆட்டோக்காரன் மொட்டக் கட்டையப் பாத்துட்டு, "பேஷண்டு பூட்ச்சா ஆயா?"ன்னான்.

"ஆள மாத்தியாச்சி. ஓட்டு."

நாலே நாளு. போனு அடிக்குது. சம்மந்தி அழுவறா, சிரிக்கறா.

"மைனி! முருகன் கண்ணத் தொறந்துட்டான்! கோயில் துண்ணூற செடிக்குப் போட்டேன், துளிர் விட்டுட்டு மைனி!"

"அட, அப்டியா சம்மந்தி!"

"எல்லாத்துக்கும் ஒரு கை ராசி வேணும்லா. உங்களுக்கு அது இல்ல, அதுக்கு நீங்க என்ன செய்வியோ."

பல்லக் கட்ச்சிகினு, "ஆமா சம்மந்தி"ன்னேன். அந்த மாசம் முழுக்க எத்தன போனு! மொட்டு வந்திச்சின்னு ஒண்ணு, மொட்டு ரெண்டாச்சின்னு ஒண்ணு. பக்கத்து ஊட்டம்மாவெல்லாம் துண்ணூறு வாங்கிகினு போய் அவங்க மொளகாச் செடிக்குப் போடறாங்களாம். என் செடிய குட்த்துட்டு, என் செடி பெருமைய நானே கேட்டுகினு, அதுக்கு "ஓ"ன்னு வாயத் தொறக்கணும். திருடினவளுக்கு இத விட நல்ல தண்டன யாரு குடுப்பா?

ஆடிக் கிருத்திக வந்திச்சி. என்ன வரச் சொன்னா. முருகன் படத்துக்கு ரெண்டு பன்னீர் ரோஜா, ஒண்ணு வேலுக்கு, ஒண்ணு காலுக்கு. சூடம் காட்டறப்ப அவ கண்ணுல தண்ணி. மருமவன் பக்கத்துல தொப்பையத் தடவிகினு நிக்கறான். நானும் கண்ண மூடி, "முருகா, இந்தப் பூவு சங்கரா மீன் தண்ணியில வளர்ந்தது, நீ கண்டுக்காத"ன்னு வேண்டிக்கினேன். எம்பொண்ணும் மருமவனும் ஆபீஸுக்கு கெளம்பி பூட்டாங்க.

"வாங்க மைனி, செடியப் பாருங்க"ன்னு சம்மந்தி என்ன இட்டுகினு போனா. முந்தின நாளு நல்ல மழ. மேல் மண்ணு கரைஞ்சி போயிருந்திச்சி. செடி அடியில வெள்ளையா ஒண்ணு மினுக்குது. அவ குனிஞ்சி எட்த்தா.

அர முட்ட ஓடு.

தோண்டினா. இன்னும் ஒண்ணு. இன்னும் ரெண்டு.

"மைனி... இது என்னது?"

"பல்லி முட்ட போல கீது"ன்னேன்.

"இவ்வளவு பெரிய பல்லியா? அது என்ன மொதலையா?"

அவ மூஞ்சி வெளுத்துச்சி. "ஆரோ செய்வினை வச்சிருக்காவ மைனி. எம்புள்ளைக்கு முட்ட மந்திரிச்சுப் பொதச்சிருக்காவ. அதான் செடி மொதல்ல செத்தது. ஐயோ, இந்தப் பூவப் போய் முருகனுக்கு வச்சுட்டனே!" உள்ள திரும்பி, "ஏங்க! இங்க வாங்க! இதப் புடுங்கி ஏரியில போடணும்!"ன்னு கத்தினா.

உள்ள ஹால்ல பேப்பர் பட்ச்சிகினு இருந்த மனுஷன், பாத்ரூம்ல பூந்து தாப்பா போட்ட சத்தம் கேட்டிச்சி.

அவ நிக்கல. ரெண்டு கையாலயும் செடிய அடியில புட்ச்சிட்டா. முள்ளு குத்தி ரத்தம் வருது, வுடல. இன்னொரு இழுப்பு இழுத்தா என் மூணு வருஷமும் போச்சி, அவ இருவத்தஞ்சு வருஷமும் போச்சி.

அவ மணிக்கட்ட கெட்டியா புட்ச்சேன். "வுடு சம்மந்தி! சூனியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது ஆம்லெட்டு!"

"என்னது?"

"ஆம்லெட்டு. எங்க ஊட்டு ஆம்லெட்டு ஓடு."

"உங்க வீட்டு ஆம்லெட்டு எங்க வீட்டு மண்ணுக்குள்ள எப்படி வந்துச்சு?"

சொன்னேன். கொட, சாணித் தொப்பி, டேங்கு, ஈரப் பொடவ, ஆட்டோ, எல்லாம். கடப்பாரைய மட்டும் சொல்லல, பாத்ரூம்ல ஒரு உசுரு கீது. அவ செடிய வுட்டுட்டு படியில குந்திட்டா. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. உள்ளங்கையில ரத்தத்தப் பாத்துகினே கீறா.

"அப்போ எஞ்செடி செத்துட்டு"ன்னா. "எங்கையால வச்ச செடிப் பூன்னு வாக்கு குடுத்தேன் மைனி. இது உங்க கை வச்சது. வாக்கு தப்பிட்டு. எம்புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா?"

பக்கத்துல குந்தினேன்.

"சம்மந்தி, நான் வெதையா போட்டேன்? உன் செடியோட கை தானே இது? நீ வெச்சது தான் எங்க ஊட்டு டப்பாவுல வந்து வளர்ந்திச்சி. உம்புள்ளையப் பாரு. வாரத்துக்கு ஒரு நாளு எங்க ஊட்ல வந்து குந்திகினு மீன் கொழம்பு துன்றான். அதுக்காக அவன் உம்புள்ள இல்லன்னு ஆயிடுமா?"

சொல்லி முடிச்ச அப்பால தான் இன்னா சொன்னேன்னு எனக்கே ஒறைச்சிது. வாயப் பொத்திகினேன். பூட்ச்சி. மருமவனயும் மாட்டி வுட்டாச்சி.

அவ தலைய மெதுவா திருப்பினா.

"அவனுமா?"

நான் அவ பொடவையில ஒட்டின மண்ணத் தட்டி வுட்டேன்.

"அப்பனுக்கு மட்டும்தான் ஆம்லெட்டுன்னு நெனச்சேன்."

பாத்ரூம்ல கொழா தொறந்த சத்தம், சோன்னு.

"உனக்குத் தெரியுமா சம்மந்தி?"

"உங்க வீட்டுக்குப் போயிட்டு வரும்போதெல்லாம் ஒரு மனுஷன் எதுக்கு ஏலக்கா மெல்லணும்? முப்பத்தஞ்சு வருஷமா வராத வாசனைப் பழக்கம்!" சொல்லிட்டு அவளுக்கே சிரிப்பு வந்திடுச்சி. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு, கையில ரத்தம். நானும் சிரிச்சேன். கொழா இன்னும் ஓடுது. "தொட்டி காலியாவப் போவுது, நிப்பாட்டச் சொல்லுங்க மைனி"ன்னா.

அப்பால எழுந்து உள்ள போனா. மஞ்சத் தண்ணியும் துண்ணூறும் கொண்டாந்தா. முட்ட ஓட்டையெல்லாம் ஒண்ணு வுடாம பொறுக்கி என் கையில குட்த்தா. செடிக்கு தலையோட மஞ்சத் தண்ணி ஊத்தி, தண்டுல மூணு பட்ட துண்ணூறு இழுத்து, சுத்தி மண்ணத் தன் கையாலயே அணைச்சி வுட்டு, "இப்ப எங்கையால வச்சாச்சு. இன்னையில இருந்து நீ சைவம், பாத்துக்கோ"ன்னா.

செடி ஒண்ணும் சொல்லல. ஆனா எனக்கு அப்பவே தெரியும், கவுச்சி பழகின வாய அப்டி ஒரே நாள்ல மாத்த முடியாது.

புரட்டாசி தாண்டி போனு. "மைனி, செடி சொணங்குது. மொட்டு வந்தா சின்னதா நின்னுருது."

"கடலப் புண்ணாக்கு போடு சம்மந்தி."

"போட்டாச்சு."

"தொழு உரம்?"

"போட்டாச்சு." அப்பால கொரலு தாழ்ந்திச்சி. "நீங்க வரும்போது... அந்தத் தண்ணி... ஒரு பாட்டில்ல. ஆருக்கும் தெரியாண்டாம். செடிக்குத்தான, நம்ம வாயிலயா ஊத்துதோம்?"

"எந்தத் தண்ணி சம்மந்தி?"

"தெரியாத மாதிரி கேக்காதிய மைனி!"

ஒரு லிட்டர் பாட்டில்ல சங்கரா கழுவின தண்ணி, மூணு கவரு சுத்தி, பஸ்ல எட்த்துகினு போனேன். பக்கத்து சீட்டு அம்மா மூக்க சுருக்கிகினு ஜன்னல் பக்கம் நகந்து நகந்து, கடைசியில சீட்டே எனக்கு. சம்மந்தி பாட்டில வாங்கி, மூஞ்ச அந்தாண்ட திருப்பிகினு, "முருகா முருகா"ன்னுகினே வேருல ஊத்தினா. ஊத்தினது ஒரு சொட்டு வெளிய செதறல, அத்த மட்டும் நல்லா பாத்தேன்.

"மாடியில இப்ப ஒண்ணும் இல்லல்லா?"ன்னா.

"வெறும் தண்ணி டேங்கு தான். வேற டப்பா ஒண்ணு வாங்கி வெச்சிக் கீறேன், சும்மா. ஒரு குச்சி..."

"குச்சி மட்டும் கேக்காதிய மைனி. நான் தர மாட்டேன்." இடுப்புல சொருகியிருந்த பூ வெட்டுற கத்தரிய எட்த்து செவுத்து மேல வெச்சா. "காப்பி போடப் போறேன். கால் மணி நேரம் ஆவும். நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

போற வழியில நின்னு, மூஞ்ச திருப்பாமலே சொன்னா, "தெக்கால நிக்கிற கெளை தான் நல்லா முத்தியிருக்கு."

வானத்துல ஒரு மேகம் இல்ல. நான் கொடையத் தொறந்தேன்.